செல்லாத இரண்டு வருடம்

1

போன வருடம் ஜூலை மாதம், இங்கே பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விடுவதற்கு முந்தின வாரம். என் மகள் அனன்யாவுக்கு அப்போது ஐந்து வயது. அவள் வகுப்பில் 'நமக்கு உதவுகிறவர்கள்' என்று ஒரு பாடம் நடந்துகொண்டிருந்தது. போலீஸ்காரர் ஒருவர் வந்து தன் தொப்பியைக் கழற்றி ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் வைத்துப் பார்த்தாராம். தீயணைப்பு வண்டி வந்து மணி அடித்ததாம். மீதி இருந்தது நர்ஸ். சாயங்காலம் வேலை உடுப்போடு பிள்ளையை அழைத்துவரப் போன என்னைப் பார்த்ததும் டீச்சர் ஆசையாக ஓடிவந்தார்.

"நீங்கள் நர்ஸ்தானே? வெள்ளிக்கிழமை வந்து குழந்தைகளோடு கொஞ்ச நேரம் பேச முடியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "அம்மா நர்ஸ் இல்லை. அம்மா கேரர்."

சொன்னது ஆங்கிலத்தில், இந்த ஊர்ப் பிள்ளைகள் இழுக்கிற அதே இழுப்பில். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "அதுவும் ரொம்ப அருமையான வேலை" என்றார். இங்கே ஒருவர் 'அருமை' என்று சொன்னால் பேச்சு முடிந்தது, கிளம்பலாம் என்று அர்த்தம். வெள்ளிக்கிழமைக்கு வேறு ஒரு பையனின் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

மகளைக் குறை சொல்ல முடியாது. இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லம் ஒன்றில் நான் கேரர். வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, ஊட்டிவிட்டு, கழிப்பறைக்கு அழைத்துப்போகிற வேலை. கேவலமான வேலை இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் படித்தது நர்சிங். மூன்றரை வருடம் படித்து, பரீட்சை எழுதி, தமிழ்நாட்டில் நர்சிங் கவுன்சில் பதிவும் வாங்கியவள். இங்கே இல்லத்தில் இருக்கும் ஓர் அம்மாள் ஆசையாக "நர்ஸ்" என்று கூப்பிட்டால்கூட, "நான் நர்ஸ் இல்லை, கேரர்" என்று திருத்த வேண்டும் என்பது விதி. தினமும் என் வாயாலேயே சொல்கிறேன். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை வேறு என்ன சொல்லும்?

ஊரில் நிலைமை நேர் எதிர். கேரர் என்றால் என்ன என்று அம்மாவிடம் போனில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அம்மா காதில் அது 'கேரியர்' என்றுதான் விழுகிறது. "எங்க பெரியவ சுமதி லண்டன்ல சீனியர் கேரியரா கீறா" என்று இருங்காட்டுக்கோட்டை பஸ் ஸ்டாப் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். சோறு கொண்டுபோகிற அடுக்குப் பாத்திரத்துக்குப் பதவி உயர்வு கொடுத்த ஒரே ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும். நான் இருக்கிற ஊர் லண்டனும் இல்லை. அதையும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பள்ளிக்கூட வாசலில் மூக்குடைபட்ட அன்றே தங்கை பவித்ராவிடமிருந்து செய்தி வந்தது. பவி எனக்கு எட்டு வயது இளையவள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு காலேஜில் பி.எஸ்சி. நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, கடைசி பரீட்சை முடிஞ்சிடுச்சி. அடுத்து இன்னா?"

அந்த 'அடுத்து இன்னா'வுக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. அவளுடைய முதல் வேலை, எந்த நாட்டில் போய்க் காட்டினாலும் செல்லுபடியாகிற வேலையாக இருக்க வேண்டும். என் தலையில் விழுந்தது அவள் தலையில் விழக் கூடாது. நர்சிங் முடித்துவிட்டு நிற்கிற பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இதை அவர்களிடம் கொடுங்கள். முதலில் என் கதையைச் சொல்கிறேன்.

2

2006. எனக்குக் கவுன்சில் நம்பர் வந்த வருடம். எங்கள் பக்கத்து வயலெல்லாம் ஷெட்டாக மாறிக்கொண்டிருந்தது. அப்பாவும் ஏர் பிடிப்பதை விட்டுவிட்டு ஒரு கார்ப் பட்டறை கேட்டில் செக்யூரிட்டியாக நின்றார். கூடப் படித்தவர்கள் சென்னை ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இத்தனை வருடம் வேலையை விட மாட்டேன் என்று பாண்டும் எழுதி வாங்கிக்கொண்டு, காலையிலிருந்து இருட்டும் வரை நிற்கவைக்கிற இடங்கள். எனக்கு அந்தத் தலைவலியெல்லாம் இல்லாமல் ஒரு வேலை வந்தது. சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் முதலுதவி அறை. ஒரு கான்ட்ராக்ட் ஏஜென்சி மூலமாக.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "வூட்டாண்டயே பஸ்ஸு வருது. கேன்டீன்ல சோறு போடறான். ஏசி ரூமு. ஆஸ்பத்திரியில போயி எவன் பீ மூத்தரம் அள்றது?" என்றாள். அள்ளாமல் தப்பித்தேன் என்று நானும்தான் நினைத்தேன். இப்போது இங்கே என்ன செய்கிறேன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

இரண்டு கட்டில், ஒரு பி.பி. மெஷின், ஓர் ஆக்சிஜன் சிலிண்டர், வெளியே ஓர் ஆம்புலன்ஸ், அதற்கு முருகேசன் அண்ணன் என்று ஒரு டிரைவர். இதுதான் என் ராஜ்ஜியம். லைனில் நிற்கிற பெண்கள் பாதிப் பேர் திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள். இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேராகத் தங்கியிருப்பார்கள். குளியலறைக்கு வரிசையில் நின்று, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வெறும் வயிற்றோடு ஓடிவருவார்கள். வெயில் ஏறுவதற்குள் ஒருத்தியாவது சுருண்டு விழுவாள்.

"யக்கா, தல கிறுகிறுங்கு" என்று தெக்கத்திப் பிள்ளை சொல்லும். எங்கள் பக்கத்துப் பிள்ளை, "கிர்ர்னு சுத்துது சிஸ்டர்" என்னும். பதிவில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை, கிடினஸ். குளுக்கோஸைக் கலக்கிக் கொடு, கொஞ்சம் படுக்க வை, லைனுக்குத் திருப்பி அனுப்பு. அதற்குள் சூப்பர்வைசர் கதவருகே வந்து நிற்பார். "சிஸ்டர், ஆள அனுப்புங்க சிஸ்டர், லைன் நிக்குது."

ஒருமுறை தேன்மொழி என்கிற சங்கரன்கோவில் பிள்ளை ஒரே ஷிப்டில் மூன்று முறை வந்தாள். வயிற்று வலி என்றாள். "ஆக்டிங் குடுக்கறா சிஸ்டர், ஓவர்டைம் பாக்கச் சொன்னேன், அதான்" என்றார் சூப்பர்வைசர். வலது பக்க அடிவயிற்றில் நான் கை வைத்ததும் அந்தப் பிள்ளை துள்ளிய துள்ளலைப் பார்த்து, யாரிடமும் கேட்காமல் ஆம்புலன்ஸில் ஏற்றினேன். குடல்வால் வெடிக்கிற நிலை. ஆபரேஷன் முடிந்து ஊருக்குப் போய் உடம்பு தேறி வந்தாள். எனக்கு மெமோ வந்தது, லைன் லீடரின் அனுமதி இல்லாமல் ஆளை வெளியே அனுப்பியதற்கு. இதை நர்ஸ் வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் எல்லாருக்கும் நான் சிஸ்டர். கேன்டீன் மாஸ்டருக்குச் சிஸ்டர், ஹவுஸ்கீப்பிங் ஆயாவுக்குச் சிஸ்டர், டை கட்டிய மேனேஜருக்கும் சிஸ்டர். கல்யாணம் நிச்சயமாகி வேலையை விட்டபோது ஏஜென்சிக்காரப் பையன் அனுபவச் சான்றிதழ் அடித்துக் கொடுத்தான். பதவி என்கிற இடத்தில் 'சிஸ்டர், முதலுதவி அறை' என்று போட்டிருந்தான். பார்த்துப் பூரித்துப்போனேன்.

3

என் வீட்டுக்காரர் பாபு காஞ்சிபுரத்துக்காரர். இங்கே ஒரு தென்னிந்திய ஓட்டலில் தோசை மாஸ்டர். அவர் விசாவின் தயவில்தான் நான் வந்தேன். வந்த கொஞ்ச நாளிலேயே மகள் பிறந்தாள். அவளை ஒருவழியாக வளர்த்து விட்டுவிட்டு, 2011இல் ஒரு நர்சிங் ஹோமில் நேர்காணலுக்குப் போனேன். வெளிநாட்டில் படித்தவர்களை எடுத்து, இந்த நாட்டு நர்ஸ் பதிவு வாங்கவும் உதவி செய்கிற இடம் என்றார்கள். இருந்த ஒரே நல்ல புடவையைக் கட்டாமல், கடன் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

மேனேஜர் அம்மாள் என் விவரத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "2006இல் படிப்பை முடித்திருக்கிறீர்கள். அதே வருடம் சிஸ்டர் ஆகியிருக்கிறீர்கள். இருபத்தோரு வயதில்?"

"ஆமாம் மேடம்" என்றேன், பெருமையாக.

"உங்களுக்குக் கீழே எத்தனை நர்ஸ்கள்?"

"யாரும் இல்லை மேடம்."

"யாருமே இல்லையா?"

கொஞ்சம் யோசித்தேன். "ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் இருந்தார்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இந்த நாட்டில் சிஸ்டர் என்பது பதவி. ஒரு வார்டையே கட்டி மேய்க்கிற தலைமை நர்ஸ். அதற்கு வருடக்கணக்கில் உழைத்து ஏறி வர வேண்டும். நம் ஊரில் ஊசி போட வருகிற யாரும் சிஸ்டர். "எங்கள் ஊரில் மரியாதைக்காக அப்படிக் கூப்பிடுவார்கள்" என்று விளக்கினேன். "மரியாதைக்காகக் கூப்பிட்டதைப் பதவி என்று எழுதிக் கொடுத்தீர்களா?" என்று கேட்டார். கத்தவில்லை, திட்டவில்லை. இங்கே யாரும் திட்ட மாட்டார்கள். எழுந்து கை கொடுத்து, வந்ததற்கு நன்றி சொல்லி, கதவைத் திறந்துவிட்டார். பொய் சொல்லிப் பிடிபட்டவள் மாதிரி பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பாபு விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல வேளடி. நானும் மாஸ்டர்னு போட்டுக்கினு வந்திருந்தா, எந்த யுனிவர்சிட்டில மாஸ்டர் படிச்சன்னு கேட்டிருப்பானுங்க." அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. சமைக்காமல் படுத்துவிட்டேன். அவரே தோசை ஊற்றிப் பிள்ளைக்குக் கொடுத்தார்.

4

அதற்குப் பிறகு நேர்வழியில் போகலாம் என்று நர்ஸ்களைப் பதிவு செய்கிற அலுவலகத்துக்கே விண்ணப்பித்தேன். படிப்பெல்லாம் சரி. ஆனால் நான் நர்ஸாக வேலை பார்த்தேன் என்பதை வேலை கொடுத்தவர்களே நேரடியாக எழுதி அனுப்ப வேண்டும் என்றார்கள். கம்பெனிக்கு எழுதினேன். நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை, கான்ட்ராக்ட் என்று பதில் வந்தது. ஏஜென்சிக்குப் போன் செய்தேன். எடுக்க ஆளில்லை. கடைசியில் அப்பாவை அனுப்பினேன். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில்தான் அந்த ஆபீஸ் இருந்தது.

"இன்னாப்பா ஆச்சி?" என்று கேட்டேன்.

"ஆபீஸு இல்லம்மா. பிரியாணிக் கடை கீது."

"பக்கத்துல யாரையாவது விசாரிச்சியா?"

"கடை பாயையே விசாரிச்சேன். நல்ல மனுசன். இன்னா சமாச்சாரம்னாரு. இந்த மாதிரி பொண்ணு வெளிநாட்டுல கீறா, சீலு வெச்ச லெட்டர் வேணுமாம்னு சொன்னேன். சீலுதான, எங்க கடை சீல வேணா குத்தித் தரட்டா, அதுலயும் ஸ்ரீபெரும்புதூர்னு போட்டுகீதுன்றாரு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "சாப்ட்டியாப்பா?" என்றேன்.

"குஸ்கா சாப்ட்டேன். நல்லாத்தான் இருந்திச்சி" என்றார்.

பாய் கடை சீல் இல்லாமலே என் விண்ணப்பம் திரும்பி வந்தது. சான்று கிடைத்திருந்தாலும் பயனில்லையாம். கம்பெனி முதலுதவி அறையில் பார்த்த வேலையை நோயாளிகளைப் பராமரித்த அனுபவமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று பணிவாக எழுதியிருந்தார்கள். நம் பாஷையில் ஒரே வார்த்தை, செல்லாது. கிழிந்த ரூபாய் நோட்டைக் கண்டக்டர் திருப்பி நீட்டுவாரே, அந்த மாதிரி. போதாததற்கு ஆங்கிலத் தேர்வு வேறு. பேசுவதும் கேட்பதும் படிப்பதும் தேறிவிடும். எழுதுவதில் மட்டும் ஒவ்வொரு முறையும் அரை மார்க் குறையும். இல்லத்தில் இறந்துபோகிறவர்களின் கையைக் கடைசி வரை பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு அந்த அரை மார்க் வேண்டியிருக்கவில்லை.

5

இத்தனையும் பட்டவள் தங்கைக்கு என்ன சொல்லுவேன்? ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்கைப்பில் உட்கார்ந்து பாடம் எடுத்தேன். ஆஸ்பத்திரியில், வார்டில்தான் வேலை பார்க்க வேண்டும். ஆர்டரில் ஸ்டாஃப் நர்ஸ் என்று இருக்க வேண்டும், சிஸ்டர் கிஸ்டர் என்று எவன் போட்டுக் கொடுத்தாலும் கிழித்துப் போடு. கான்ட்ராக்ட் வேண்டாம். ஒரிஜினலைக் கொடுக்காதே. இன்றைக்கே ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பி. பவி எல்லாவற்றுக்கும் "சரிக்கா" என்று தலையாட்டுவாள். நடுவில் அனன்யா வந்து சித்தியிடம் ஆங்கிலத்தில் கடகடவென்று ஏதோ கேட்பாள். பவி பாதி புரிந்தும் புரியாமலும், "எஸ், எஸ்" என்பாள். பிள்ளைக்குத் தமிழும் வரவில்லை, தங்கைக்கு இந்த ஊர் ஆங்கிலமும் விளங்கவில்லை. நடுவில் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பேன்.

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்கும். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் முதலுதவி அறைக்கு ஆள் கேட்கிறார்களாம். "வூட்டாண்டயே பஸ்ஸு வருதுடி" என்று அதே பல்லவியை ஆரம்பித்தாள்.

"வேணவே வேணாம்மா. அந்த எக்ஸ்பீரியன்ஸ் எங்கயும் செல்லாது" என்று கத்தினேன்.

"இன்னாடி செல்லாது? நீ ஃபேக்டரிக்குப் போயிதான லண்டனுக்குப் போன?"



நல்ல வேளையாகப் பவி ஒரகடத்துக்குப் போகவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஹைவே மேலேயே புதிதாக எழும்பியிருந்த ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். ரோட்டில் அடிபட்டவர்கள், மெஷினில் கை மாட்டியவர்கள், டெங்கு, பிரசவம் என்று எல்லா வார்டும் இருக்கிற இடம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலை இடைவேளையில் இல்லத்தின் ஓய்வறையில் உட்கார்ந்து போன் செய்தேன்.

"ஆர்டர்ல இன்னான்னு போட்டுகீது பவி?"

"ட்ரெய்னீ நர்ஸ்னு போட்டுகீது. ரிசல்ட்டு வந்து கவுன்சில் நம்பர் வாங்கனப்பறம் மாத்துவாங்களாம்."

"சரி. ஒரிஜினல் மார்க் ஷீட்டெல்லாம் பத்திரமா வெச்சிருக்கியா?"

அவள் பேச்சை மாற்றி அனன்யாவைப் பற்றி விசாரித்தாள்.

"பவி?"

"வந்ததையெல்லாம் குடுத்துட்டேன்கா. எல்லாரும் குடுத்தாங்க. குடுத்தாத்தான் ஜாயின் பண்ண முடியும்னு சொல்லிட்டாங்க. டிகிரி சர்டிபிகேட்டும் வந்ததும் குடுத்துடணுமாம்."

நான் போட்ட கூச்சலில் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த போலந்துக்காரத் தோழி எழுந்து வந்து என் தோளைப் பிடித்தாள். "யாராவது இறந்துவிட்டார்களா?" என்று மெல்லக் கேட்டாள். சர்டிபிகேட் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

6

ரிசல்ட் வந்தது. கவுன்சில் நம்பரும் வந்தது. பவி ட்ரெய்னீயாகவே இருந்தாள். அவளோடு சேர்ந்த எல்லாரும் அப்படித்தான். மூன்று பேர் பார்க்க வேண்டிய வார்டை ஒருத்தி பார்த்தாள். சீனியர்களுக்குக் கிடைப்பதில் பாதிகூடச் சம்பளம் இல்லை. கேட்டால், பார்க்கலாம் என்றார்கள். போய்விடுகிறேன் என்றால், எழுதிக் கொடுத்த இரண்டு வருடப் பாண்டை முடித்துவிட்டு ஒரிஜினலை வாங்கிக்கொள் என்றார்கள்.

எனக்கு அவள் படுகிற பாட்டைவிட அந்த 'ட்ரெய்னீ' என்கிற வார்த்தைதான் உறுத்தியது. ஒவ்வொரு ஞாயிறும் அதையே கேட்டேன். மாத்திட்டாங்களா? மாத்தச் சொன்னியா? ட்ரெய்னீன்னு இருந்தா இங்க செல்லாது பவி, ரெண்டு வருசம் வீணாப் போயிடும் பவி. என் குரலில் அம்மாவின் பல்லவி ஏறிவிட்டதை நான் கவனிக்கவில்லை. இந்தப் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பொறுமை போய்விட்டது.

"அக்கா, ஒன்னு கேக்கறேன். வெளிநாட்டுக்கு வரேன்னு நான் எப்பனா சொன்னேனா?"

யோசித்துப் பார்த்தேன். சொன்னதே இல்லை. நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் சரிக்கா என்றாள்.

"நேத்து பிரஸ் மெஷின்ல கை மாட்டிக்கினு ஒரு பையன் வந்தான். மூணு விரலு இல்ல. விருதுநகர் பக்கமாம், கூட யாரும் இல்ல. விடிய விடிய நான்தான்கா பக்கத்துல நின்னேன். காலைல கண்ணத் தொறந்து, கை இருக்குதான்னு என்னத்தான் கேட்டான். நான் ட்ரெய்னீ, எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியுமா? எனக்கு இந்த வேல புடிச்சிகீது. இந்த ஊர்லயே புடிச்சிகீது. எனக்கு ஒழுங்கா ஒரு ஆர்டர் வேணும், ஒழுங்கா சம்பளம் வேணும், என் சர்டிபிகேட் என் கையில வேணும். இத்தினி கம்பெனி கீற ஊர்ல இது கெடைக்காதா? இதுக்கு நான் லண்டனுக்கு வரணுமா? லண்டனுக்குப் போன நீயே நர்ஸா இல்ல."

சொல்லிவிட்டு அவளே பதறிப்போனாள். "தப்பா நெனச்சிக்காதக்கா" என்றாள். நான் தப்பாகத்தான் நினைத்துக்கொண்டேன். ரொம்பக் கோபம் வந்தது. போனை வைத்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க எரிச்சல். பாபுவிடம் காரணமில்லாமல் சண்டை போட்டேன். பிள்ளையை அதட்டினேன். இல்லத்தில் அந்த அம்மாள் "நர்ஸ்" என்று கூப்பிட்டபோது, திருத்தாமலே போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறு ஞாயிறு அவளே கூப்பிட்டாள். எதுவும் நடக்காதது மாதிரி பேசினாள். ட்ரெய்னீகள் பதினோரு பேரும் சேர்ந்து நிர்வாகத்துக்கு ஒரு மனு கொடுக்கப்போகிறார்களாம். கவுன்சில் பதிவு வந்த நாளிலிருந்து ஸ்டாஃப் நர்ஸ் ஆர்டர், அதற்குண்டான சம்பளம், ஒரிஜினல்களைத் திருப்பித் தர வேண்டும். இந்த மூன்றும்தான்.

"தமிழ்ல குடுத்தா யூனியன் நோட்டீஸுன்னு தூக்கிப் போட்டுடுவாங்கக்கா. இங்லீஷ்ல வேணும். நீதான் எழுதித் தரணும்."

கோபத்தையெல்லாம் மறந்து உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் எழுதுவதில்தான் நான் புலியாயிற்றே. இருந்தாலும் எழுதினேன், அடித்தேன், திரும்ப எழுதினேன். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதிப் பழகிய கை. மிகவும் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம் என்று ஆரம்பித்தேன். எங்களுக்கு வாழ்வு கொடுத்த இந்த மருத்துவமனைக்கு என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறோம் என்று ஒரு பாரா. தங்கள் பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும் என்று ஒரு வரி. பெரிய மனது வைத்து, கருணை கூர்ந்து, தங்களால் இயலுமானால், என்று சொல்லிச் சொல்லிப் போய், கடைசிப் பாராவில்தான் அந்த மூன்றையும் வைத்தேன். பிழை இல்லாமல் இரண்டு பக்கம் வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. அனுப்பிவைத்தேன்.

மூன்றாம் நாள் டைப் அடித்த மனுவைப் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அரைப் பக்கம்கூட இல்லை. பணிவு இல்லை, கருணை இல்லை, பொன்னான நேரம் இல்லை. எடுத்தவுடன் மூன்று வரிகள், ஒன்று, இரண்டு, மூன்று என்று. அதற்குக் கீழே பதினோரு கையெழுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கவுன்சில் பதிவு எண். உடனே கூப்பிட்டேன்.

"இன்னா பவி இது? இப்படி மொட்டையாக் குடுத்தா வேலையவிட்டே தூக்கிடுவானுங்க. நான் எழுதினதெல்லாம் எங்க?"

"எடுத்துட்டோம்கா."

"எதுக்கு?"

பின்னால் வார்டுச் சத்தம் கேட்டது. யாரோ டிராலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் நிதானமாகத்தான் சொன்னாள்.

"நீ எழுதனதுல கெஞ்சல்தான் ஜாஸ்தியா இருந்திச்சி. நாங்க கெஞ்சலக்கா. கேக்கறோம்."